கடையில் நாமே அச்சிடுதல்: படமும் ஆவணமும் பழுதில்லாமல் கைக்கு வருவதற்கு

கைத்தொலைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தும், சுவரில் மாட்டுவதற்கு ஒரு படங்கூட இல்லாத வீடுகள் இன்று திருகோணமலையில் ஏராளம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் கொண்டுபோனவற்றில் குடும்ப அல்பங்களும் அடங்கும். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவும் படங்களை விட்டுவிட்டு உயிரை மட்டும் காப்பாற்றிக்கொண்டு வந்தவைதான். ஆகவே ஒரு படத்தைத் தாளில் எடுத்து வைப்பதை நான் சிறிய வேலையாகக் கருதுவதில்லை. ஆவணங்களின் நிலையும் இதுவே. மாவட்டச் செயலகத்தில் அலுவல் பார்ப்பதற்காக மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ விடியற்காலையில் புறப்பட்டு வந்த ஒருவருக்கு, ஒரு பக்கம் வெட்டுப்பட்டு அச்சாகியிருந்தால், அந்த ஒரு பக்கத்துக்காக இன்னொரு நாளே வீணாகிவிடும்.

சுயசேவை அச்சியந்திரம் என்பது தொடுதிரையும், கோப்புகளை வாங்கிக்கொள்ளும் துவாரங்களும், அச்சுப்பொறியும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பாகும். ஜெர்மனியில் டிஎம், ரொஸ்மன் கடைகளிலும், அமெரிக்காவில் சிவிஎஸ் மருந்துக் கடைகளிலும் படங்களை அச்சிட இவை வைக்கப்பட்டிருக்கின்றன. ஜப்பானில் செவன்-இலெவன் போன்ற கடைகளில் நிற்கும் இயந்திரமோ படம், ஆவணம், நிழற்பிரதி ஆகிய எல்லாவற்றையும் செய்து கொடுக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் இவற்றை அங்கே சந்திக்கிறார்கள். நம்மூரில் பழக்கமான முறை, கொமியூனிகேஷன் கடையிலோ ஸ்டூடியோவிலோ பென் ட்ரைவைக் கொடுப்பது, அல்லது கடையின் வட்ஸ்அப் எண்ணுக்குக் கோப்பை அனுப்பிவிட்டு மேசைக்கு முன்னால் காத்து நிற்பது. இரண்டுக்கும் இடையில் வேறுபாடு ஒன்றுதான்: கடைக்காரர் இருந்தால், படம் சரிந்திருப்பதையோ எழுத்து உடைந்திருப்பதையோ அவர் கண்டு சொல்லக்கூடும், இயந்திரம் சொல்லாது, கொடுத்ததைக் கொடுத்தபடியே அச்சிட்டுப் பணத்தையும் எடுத்துக்கொள்ளும். எனவே அச்சின் தரம் பெரும்பாலும் வீட்டிலேயே, கோப்பைத் தயார் செய்யும் போதே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. கீழே சொல்லப்படுவதில் பாதிக்கு மேற்பட்டது வீட்டில் செய்யவேண்டிய வேலையாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

படத்தை வீட்டில் தயார் செய்தல்

முதலில் பார்க்கவேண்டியது, கையிலிருப்பது மூலப் படமா, வட்ஸ்அப்பில் வந்த படமா என்பது. வட்ஸ்அப்பில் சாதாரண முறையில் அனுப்பப்படும் படம் வழியிலேயே சுருக்கப்படுகிறது. நீளப் பக்கத்தில் 4000 புள்ளிகள் (பிக்சல்கள்) கொண்ட படம் மறுமுனையில் 1600 புள்ளிகள் அளவுக்குக் குறைந்து வந்து சேர்வது வழக்கம். தொலைபேசித் திரையில் இந்தக் குறைவு கண்ணுக்குத் தெரியாது, தாளில்தான் தெரியும். ஆகையால் படத்தை எடுத்தவரிடமே கேட்டு, வட்ஸ்அப்பின் இணைப்புக் குறியைத் தொட்டு, படம் என்ற பிரிவில் அல்லாமல் டொகியுமென்ட் என்ற பிரிவின் ஊடாக அனுப்பச் சொல்ல வேண்டும். அப்படி அனுப்பினால் கோப்பு சுருங்காமல் அப்படியே வந்துசேரும். எச்டி என்ற தெரிவும் இருக்கிறது. அது சாதாரண முறையைவிட நல்லது, ஆனால் ஆவணமாக அனுப்புவதற்கு ஈடாகாது. முகநூலிலிருந்து இறக்கிய படத்துக்கும், திரைப்பிடிப்பாக எடுத்த படத்துக்கும் இதே குறை உண்டு.

அச்சுக்கு எத்தனை புள்ளிகள் வேண்டும் என்பதைக் கணக்கிடுவது எளிது. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால், கையில் வைத்துப் பார்க்கும் படம் கூர்மையாக இருக்கும். 4ஆர் எனப்படும் 4 அங்குலம், 6 அங்குலப் படத்துக்கு அதன்படி 1200க்கு 1800 புள்ளிகளும், 5க்கு 7 அங்குலத்துக்கு 1500க்கு 2100 புள்ளிகளும், 8க்கு 10 அங்குலத்துக்கு 2400க்கு 3000 புள்ளிகளும், முழு ஏ4 தாளுக்கு ஏறத்தாழ 2480க்கு 3508 புள்ளிகளும் தேவை. இதில் பாதி இருந்தாலும் சில அடி தூரத்திலிருந்து பார்க்கும் சுவர்ப்படத்துக்குப் போதும். அதற்கும் கீழே இறங்கினால் முகத்தின் வரிகள் மெழுகுபோலக் கரைந்து தெரியும். தொலைபேசியில் படத்தைத் திறந்து, விவரம் என்ற பகுதியைத் தொட்டால் இந்த எண்ணிக்கை தெரியும்.

இந்தக் கணக்கு நம்மிடையே மிகவும் தேவைப்படுவது துயரமான ஒரு வேளையில். வீட்டில் ஒருவர் காலமானால், அன்றைக்கே அஞ்சலிப் பதாகைக்கும், பின்னர் அந்தியேட்டிக்கும் 31 ஆம் நாள் நினைவு மலருக்கும் பெரிய படமொன்று வேண்டியிருக்கிறது. அந்த அவசரத்தில் எவரோ அனுப்பிய, பலர் கை மாறிய வட்ஸ்அப் படம்தான் பெரும்பாலும் கடைக்குப் போகிறது. 1600 புள்ளிகள் நீளமுள்ள படத்தை 6 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 267 புள்ளிகள் கிடைக்கும், குறை சொல்ல முடியாது. அதையே 12 அங்குலத்துக்குப் பெருப்பித்தால் 133 ஆக இறங்கிவிடும். அந்தப் பெரிய படத்தில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்திலிருந்து வெட்டியெடுத்த முகம் மட்டும் இருக்குமானால் இன்னும் மோசம். வீட்டிலுள்ள முதியவர்கள் ஒவ்வொருவரையும் நல்ல வெளிச்சத்தில், நேராக, அவர்கள் விரும்பும் உடையில் ஒரு படம் எடுத்து, மூலக் கோப்பாகவே ஓரிடத்தில் சேமித்து, ஒரு பிரதியை அச்சிட்டும் வைக்கும்படி நான் எல்லோரிடமும் வேண்டிக்கொள்கிறேன். இதை அபசகுனம் என்று தள்ளிப்போடுபவர்கள் உண்டு. அவர்கள் உயிரோடிருக்கும்போது அவர்களுக்கே கொடுத்து மகிழக்கூடிய படம் அது என்று எண்ணினால் தயக்கம் இராது.

அடுத்தது வடிவம். பெரும்பாலான தொலைபேசிகள் 4க்கு 3 என்ற விகிதத்தில் படம் எடுக்கின்றன. 4ஆர் தாளோ 3க்கு 2 என்ற விகிதத்தில் இருக்கிறது. தாள் முழுவதையும் நிரப்பும்படி அச்சிட்டால், படத்தின் அகலத்தைக் காப்பாற்றுவதற்காக உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டப்பட வேண்டும். திரை முழுவதும் நிறையும்படி 16க்கு 9 விகிதத்தில் எடுத்த படமானால், நீளப் பக்கத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விடும். இயந்திரம் எந்தப் பக்கத்தில் வெட்டுவது என்று யோசிப்பதில்லை, நடுப்பகுதியை வைத்துக்கொண்டு இரு ஓரங்களையும் நீக்கிவிடும். கோணேசர் கோயில் வாசலில் சுவாமிமலையின் விளிம்பும் தெரியும்படி குடும்பமாக நின்று எடுத்த படத்தில், முன்வரிசைப் பிள்ளைகளின் கால்களும் பின்வரிசையில் உயரமாக நிற்பவரின் தலையும் போவது இப்படித்தான். வீட்டிலேயே தொலைபேசியின் திருத்தும் பகுதியில் 3க்கு 2 என்ற விகிதத்தைத் தெரிவு செய்து, எது இருக்க வேண்டும் எது போகலாம் என்று நாமே வெட்டிவிடுவது நல்லது. வெட்டிய பிறகும் தலைக்கு மேலும் ஓரங்களிலும் சிறிது இடம் விட வேண்டும், ஏனெனில் விளிம்பில்லாமல் அச்சிடும் எந்த இயந்திரமும் நான்கு பக்கமும் ஓரிரு மில்லிமீற்றரைத் தாளுக்கு வெளியே விட்டுவிடும். எதையும் இழக்க மனமில்லையென்றால், இயந்திரத்தில் முழுப்படமும் அடங்கும் தெரிவை எடுத்துக்கொண்டு இரு பக்கமும் வெள்ளை விளிம்பு வருவதை ஏற்றுக்கொள்ளலாம்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொலைபேசித் திரை தானே ஒளி வீசுவது, தாளோ அறையின் ஒளியைத் திருப்பித் தருவது மட்டுமே. அதனால் எந்தப் படமும் தாளில் சற்று இருண்டே தோன்றும். நிலாவெளிக் கடற்கரையில் வெயிலுக்கு முதுகு காட்டி நின்று எடுத்த படங்களில் கடலும் வானமும் பளிச்சென்று இருக்க, முகங்கள் கறுத்துப் போவது இதனால் இன்னும் மிகுதியாகும். திரையின் பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துப் பாருங்கள். அந்த நிலையில் முகம் தெளிவாகத் தெரிந்தால் அச்சிலும் தெளிவாக இருக்கும். தெரியாவிட்டால் நிழற்பகுதியை மட்டும் சிறிது உயர்த்துங்கள். இயந்திரத்தில் இருக்கும் தானியங்கித் திருத்தத்தையும் அழகூட்டும் வடிகட்டிகளையும் நான் பரிந்துரைப்பதில்லை. அவை நம்முடைய தோல் நிறத்தை வெளிறச் செய்து, பட்டுச் சேலையின் ஆழ்ந்த நிறத்தையும் மாற்றிவிடுகின்றன. பேரப்பிள்ளைகள் பார்க்கப்போகும் படத்தில் நம் முகம் நம் முகமாகவே இருக்கட்டும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 2017 இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அந்தத் தொலைபேசிகள் படங்களை எச்இஐசி என்ற வகையில் சேமிக்கின்றன. அச்சு இயந்திரங்கள் பலவற்றுக்கும் பழைய கணினிகளுக்கும் அது புரிவதில்லை, பென் ட்ரைவில் படம் இருந்தும் திரையில் ஒன்றும் காட்டாது. அமைப்புகளில் கமரா, அதனுள் ஃபோர்மட்ஸ், அதனுள் மோஸ்ட் கொம்பற்றிபிள் என்பதைத் தெரிவு செய்தால் இனி எடுக்கும் படங்கள் ஜேபெக் வகையில் அமையும். ஏற்கெனவே எடுத்தவற்றை ஜேபெக் ஆக மாற்றிக்கொண்டு போக வேண்டும்.

பழைய தாள் படங்களைத் திரும்ப எடுக்க விரும்புபவர்கள், அவற்றைத் தொலைபேசியால் படம் பிடிக்காமல் தட்டை ஸ்கானரில் வைத்து அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கான் செய்யச் சொல்ல வேண்டும். அப்போது தபாலட்டை அளவுப் படத்தை நீளத்திலும் அகலத்திலும் இரு மடங்காக்கி அச்சிட்டாலும் 300 புள்ளிகள் மிஞ்சும். படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரித்தெடுக்க முயல வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்யலாம்.

தமிழ் ஆவணங்களுக்கு உரிய கவனம்

ஆங்கில ஆவணத்துக்கு இல்லாத சிக்கலொன்று தமிழ் ஆவணத்துக்கு உண்டு. இலங்கையில் பாடசாலைகள், கோயில் சபைகள், சங்கங்கள் எனப் பல இடங்களில் இன்னும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சு செய்கிறார்கள். பாமினி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோட் முறைக்கு முந்தியது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி அமைக்கப்பட்டது. அந்த எழுத்துரு நிறுவப்படாத கணினியிலோ இயந்திரத்திலோ வேர்ட் கோப்பைத் திறந்தால், கடிதம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். யுனிகோடில் தட்டச்சு செய்திருந்தாலும், பழைய மென்பொருளில் கொம்புகளும் கால்களும் எழுத்தைவிட்டு விலகி நிற்பதுண்டு, அதனால் வரி நீண்டு பக்கமும் குலைந்துவிடும்.

இவை இரண்டுக்கும் தீர்வு, வேர்ட் கோப்பை எடுத்துக்கொண்டு போகாமல் பிடிஎஃப் ஆக மாற்றிக்கொண்டு போவதே. பிடிஎஃப் கோப்பில் எழுத்துருவும் உள்ளேயே பொதிந்துவிடுவதால், எங்கே திறந்தாலும் அதே தோற்றம் வரும். இந்த மாற்றத்தை ஆவணம் தட்டச்சு செய்யப்பட்ட அதே கணினியில் செய்ய வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. பாமினி இல்லாத தொலைபேசியில் கோப்பைத் திறந்து அங்கே பிடிஎஃப் ஆக்கினால், உடைந்த எழுத்தே உடைந்தபடி நிலைத்துவிடும். ஆகவே கோயில் செயலாளரோ பாடசாலை அலுவலகமோ கடிதத்தை அனுப்பும்போது, பிடிஎஃப் ஆகவே அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள். வந்த பிறகு தொலைபேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, பெயர், தேசிய அடையாள அட்டை எண், திகதி ஆகியவற்றை வாசித்துப் பார்த்த பின்னரே கடைக்குப் புறப்பட வேண்டும்.

பக்க அளவையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். நம் அலுவலகங்களில் பயன்படுவது 210க்கு 297 மில்லிமீற்றர் கொண்ட ஏ4 தாள். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் அனுப்பும் பத்திரங்கள் லெட்டர் அளவில் இருக்கும். அது ஏ4 ஐவிடச் சற்று அகலமாகவும் உயரம் குறைவாகவும் உள்ள 216க்கு 279 மில்லிமீற்றர் தாள். அதை அப்படியே ஏ4 இல் அச்சிட்டால் ஓர எழுத்துகள் வெட்டுப்படலாம், பக்கத்துக்குப் பொருத்தி அச்சிட வேண்டும்.

கையிலிருக்கும் தாள் ஆவணத்தைக் கோப்பாக்க வேண்டுமானால், கூகுள் டிரைவ் செயலியில் உள்ள ஸ்கான் வசதியையோ, ஐபோனில் நோட்ஸ் செயலியில் உள்ள அதே வசதியையோ பயன்படுத்துங்கள். அவை ஓரங்களைக் கண்டறிந்து நேராக்கி, பல பக்கங்களையும் ஒரே பிடிஎஃப் ஆகச் சேர்த்துத் தரும். கமராவில் எடுத்த படத்தை அப்படியே அச்சிட்டால் தாள் முழுவதும் சாம்பல் நிறம் படர்ந்து, முத்திரையும் கையொப்பமும் மங்கிவிடும். வங்கி மின்னஞ்சலில் அனுப்பும் கணக்கறிக்கைகள் பெரும்பாலும் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கும், இயந்திரங்கள் பல அவற்றைத் திறப்பதில்லை. வீட்டிலேயே திறந்து, அச்சிடு என்ற தெரிவுக்குள் சென்று பிடிஎஃப் ஆகச் சேமித்தால் பூட்டில்லாத பிரதியொன்று கிடைக்கும். வேலை முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும்.

எதில் கொண்டு போவது

அச்சு வேலைக்கென்றே சிறிய பென் ட்ரைவ் ஒன்றை ஒதுக்கி வைப்பதே என் கருத்தில் சிறந்த வழி. அதை ஃபாட்32 முறையில் வடிவமைத்தால் ஏறத்தாழ எல்லா இயந்திரங்களும் வாசிக்கும். அன்றைக்குத் தேவையான கோப்புகளை மட்டும் அதில் இடுங்கள், உட்கோப்புறைகள் வேண்டாம். தமிழில் வைத்த கோப்புப் பெயர்கள் சில திரைகளில் வெறும் கட்டங்களாகத் தெரியும் என்பதால் 01, 02 என்று எண்களாகவே பெயரிடுவது பாதுகாப்பானது, அச்சிடும் ஒழுங்கும் அதனால் தெளிவாகும். வீட்டுப் படங்கள் எல்லாம் நிறைந்த பென் ட்ரைவைக் கொண்டுபோனால், இயந்திரம் அத்தனையையும் ஏற்றி முடிக்கும் வரை நிற்க வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, பலர் கை வைக்கும் கணினியில் அதைச் செருகுவதே ஆபத்து. கோப்புறைகளை மறைத்துவிட்டுக் குறுக்குவழிக் கோப்புகளை வைத்துவிட்டுப் போகும் வைரஸ் பென் ட்ரைவ்கள் வழியாகவே கடைக்குக் கடை பரவுகிறது. எஸ்டி அட்டை பயன்படுத்துபவர்கள், அட்டையின் பக்கவாட்டில் இருக்கும் சிறு பூட்டுத் தள்ளியைக் கீழே இறக்கிவிட்டால், பெரும்பாலான கருவிகள் அதில் எதையும் எழுதா. மைக்ரோ எஸ்டி அட்டையை இடும் பெரிய உறையிலும் அந்தத் தள்ளி இருக்கும்.

தொலைபேசியையே கேபிளால் இணைப்பதாக இருந்தால், அன்ட்ரொய்டில் மின்னேற்றம் மட்டும் என்பதிலிருந்து கோப்புப் பரிமாற்றம் என்பதற்கு மாற்ற வேண்டும். ஐபோனில் இந்தக் கருவியை நம்பலாமா என்று கேட்கும், அதற்கு இசைந்தால்தான் படங்கள் தெரியும். திரையில் காட்டும் கியூஆர் குறியை ஸ்கான் செய்து வைஃபை ஊடாக அனுப்பும் வசதியும் பல இயந்திரங்களில் இருக்கிறது. தொலைபேசியிலுள்ள எல்லாவற்றையும் திறந்துவிடாமல் நாம் தெரிந்தெடுத்ததை மட்டும் கொடுக்க முடிவதால், இந்த வழி கேபிளைவிட மேலானது.

இயந்திரத்துக்கு முன்னால்

இங்கே செய்யவேண்டியது அதிகமில்லை. எதை அச்சிடுவது, எங்கிருந்து எடுப்பது, எந்த அளவு, எத்தனை பிரதி என்று திரை வரிசையாகக் கேட்கும். அளவைத் தெரிவு செய்ததும் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே திறந்து, எந்த எல்லைக்குள் அச்சாகும் என்று காட்டும் சட்டத்தைப் பாருங்கள், தேவையானால் விரலால் நகர்த்துங்கள். படங்கள் அதிகமாக இருந்தால், முதலில் ஒன்றை மட்டும் அச்சிட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. கடைக்குள் எரியும் வெள்ளை விளக்கில் நிறம் சரியாகத் தெரியாது. ஒரு படத்தின் செலவில் முழு வேலையின் தரமும் தெரிந்துவிடும். பளபளப்பான தாள், மங்கலான தாள் என்ற தெரிவு இருந்தால், அல்பத்துக்குப் பளபளப்பானதும், கண்ணாடியிட்டுச் சுவரில் மாட்டுவதற்கு மங்கலானதும் பொருந்தும்.

படங்களை அச்சிடும் இயந்திரங்களில் பெரும்பாலானவை மையைத் தெளிப்பதில்லை. மஞ்சள், மெஜன்டா, சயான் ஆகிய மூன்று சாயங்கள் பூசிய நாடாவை வெப்பத்தால் தாளில் ஏற்றி, கடைசியில் நிறமற்ற பாதுகாப்புப் படையொன்றை இடுகின்றன. இதற்காகத் தாள் நான்கு முறை உள்ளும் வெளியுமாகப் போய்வரும். முதல் முறை மஞ்சளாக மட்டும் தலைகாட்டும் தாளைப் பார்த்து, பிழையாகிவிட்டது என்று எண்ணி இழுத்துவிடக்கூடாது. இழுத்தால் படமும் கெடும், இயந்திரமும் சிக்கிக்கொள்ளும். முழுவதும் வெட்டப்பட்டுத் தட்டில் விழுந்த பிறகு எடுத்தால் போதும். அது உலர்ந்தே வருவதால் காய வைக்கத் தேவையில்லை. மைதெளிப்பு அச்சுப்பொறியில் எடுத்த படமானால் கையைப் படவிடாமல் சிறிது நேரம் ஆறவிட வேண்டும்.

ஆவணங்களில் கவனிக்க வேண்டியவை அளவும் பக்கமும். பக்கத்துக்குப் பொருத்து என்ற தெரிவு சாதாரணக் கடிதங்களுக்குச் சரி. ஆனால் குறிப்பிட்ட அளவில் இருக்கவேண்டிய எதையும், உதாரணமாக அளவுக்கட்டம் உள்ள படிவத்தை, உண்மை அளவு அல்லது நூறு வீதம் என்ற தெரிவிலேயே அச்சிட வேண்டும். ஒரே தாளின் இரு பக்கங்களிலும் அச்சிட வேண்டும் என்று படிவத்தில் குறிப்பிட்டிருந்தால், இருபக்க அச்சைத் தெரிவு செய்து, நீளப் பக்கத்தில் புரட்டு என்பதை எடுங்கள். மற்றதை எடுத்தால் பின்பக்கம் தலைகீழாக வரும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் செலவு குறையும் என்றாலும், நீல முத்திரையும் சிவப்புக் குறிப்பும் இருக்கும் சான்றிதழ்களை நிறத்தில் எடுப்பதே முறை. ஏ4 ஐவிட நீளமான பழைய உறுதிகளையும் சான்றிதழ்களையும் கண்ணாடியில் வைத்துப் பிரதி எடுக்கும்போது, அடிப்பகுதியில் இருக்கும் பதிவாளரின் கையொப்பம் வெட்டுப்படாமல் சிறிதாக்கி எடுக்க வேண்டும். அந்தக் கையொப்பம் இல்லாத பிரதியை எந்தச் சமாதான நீதவானும் உறுதிப்படுத்திக் கையொப்பமிடமாட்டார்.

இயந்திரங்கள் சிலவற்றில் கடவுச்சீட்டுப் படம் என்ற தெரிவும் இருக்கும். 35க்கு 45 மில்லிமீற்றர் கொண்ட படங்கள் ஒரு 4ஆர் தாளில் எட்டு அடங்கும். வேலை விண்ணப்பம், பாடசாலை அட்டை, நூலக அங்கத்துவம் போன்றவற்றுக்கு இது மலிவும் வசதியுமான வழி. அச்சான பிறகு ஓர் அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் தேசிய அடையாள அட்டைக்கும் இந்தப் படம் உதவாது. அவற்றுக்குரிய படத்தை, உரிய திணைக்களத்தில் பதிவுபெற்ற ஸ்டூடியோவிலேயே எடுக்க வேண்டும். ஸ்டூடியோ படத்தைக் கணினி வழியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு, நம்மிடம் ஒரு பற்றுச்சீட்டைத் தரும். விண்ணப்பத்தோடு கொடுக்கவேண்டியது அந்தச் சீட்டைத்தான். வெளிநாட்டு விசாவுக்கான படத்துக்கு ஒவ்வொரு நாடும் தனித்தனி அளவு வைத்திருப்பதால், அந்தத் தூதரகத்தின் அறிவுறுத்தலைப் பார்க்காமல் அச்சிட வேண்டாம்.

பணம் செலுத்தும் முறை இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் இயந்திரத்திலேயே செலுத்தலாம், சில இடங்களில் அது தரும் சீட்டைக் காசாளரிடம் காட்ட வேண்டும். எப்படியானாலும், எல்லாப் பிரதிகளும் வெளியே வந்து எண்ணி முடிக்கும் வரை பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். இடையில் மின்சாரம் நின்றாலோ தாள் முடிந்தாலோ, எத்தனை பிரதி கிடைக்கவேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின்

ஒக்டோபர் முடிவிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழையால் திருகோணமலையில் எல்லாமே ஈரமாகவே இருக்கும். அந்தக் காலத்தில் படத்தைச் சட்டத்தின் கண்ணாடியோடு நேரடியாக ஒட்டி வைத்தால், ஈரம் புகுந்து படம் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும், பின்னர் பிரித்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு தடித்த காகித விளிம்பை வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சுவரின் உட்பக்கத்திலும் வெயில் விழும் இடத்திலும் மாட்ட வேண்டாம்.

லமினேட் செய்வதில் நம்மவர்களுக்கு மிகுந்த விருப்பம் உண்டு. அச்சிட்ட பிரதிகளை லமினேட் செய்யலாம். மூலச் சான்றிதழ்களைச் செய்யவே கூடாது. பிளாஸ்ரிக்கின் மேல் முத்திரையும் கையொப்பமும் இட முடியாது, பிரித்தெடுக்கவும் முடியாது. வங்கி இயந்திரமும் கடைகளும் தரும் வழவழப்பான பற்றுச்சீட்டுகளை லமினேட் இயந்திரத்தில் விட்டால், அந்தத் தாள் வெப்பத்தால் எழுதப்படுவது என்பதால் முழுவதும் கறுத்துவிடும். அவை தாமாகவே காலப்போக்கில் மங்கும் தன்மையுடையவை, ஆகவே நிழற்பிரதி எடுத்து வைப்பதே வழி.

நம் தகவல் அங்கே தங்கிவிடாமல்

அச்சு நன்றாக வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் பலரும் கவனிக்காமல் விடுவது இது. அடையாள அட்டை, வங்கி அறிக்கை, பிறப்புச் சான்றிதழ், பெண்பிள்ளைகளின் படங்கள் ஆகியவை வேறொருவரின் கணினியில் எஞ்சியிருப்பதால் வரக்கூடிய துன்பம், அச்சுப் பிழையால் வரும் துன்பத்தைவிடப் பல மடங்கு பெரியது. கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அதே கணினியில் நாளைக்கு யார் அமர்வார் என்று அவராலும் சொல்ல முடியாது.

ஆகவே இயந்திரத்தில் வேலை முடிந்ததும் முடிவு அல்லது வெளியேறு என்பதைத் தொட்டு, ஆரம்பத் திரை வரும் வரை நின்று பார்த்துவிட்டு, பென் ட்ரைவையும் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கானரின் மூடியைத் திறந்து, மூலப் பத்திரம் கண்ணாடியில் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும், இயந்திரங்களில் அதிகமாக மறந்துவிடப்படும் பொருள் அதுதான். பிழையாக அச்சான தாள்களைக் கடையின் குப்பைக்கூடையில் போடாமல் வீட்டுக்கு எடுத்துவந்து கிழித்துவிடுங்கள். சில கடைகளில் அத்தகைய தாள்களின் பின்பக்கம் பொருள் சுற்றுவதற்கும் கணக்கு எழுதுவதற்கும் பயன்படுகிறது.

கடைக்காரரின் கணினியில் அச்சிட்டிருந்தால், பதிவிறக்கக் கோப்புறையிலிருந்தும் பின்னர் குப்பைத்தொட்டியிலிருந்தும் கோப்பை அழிக்கும்படி, நம் கண்முன்னால், பணிவாகக் கேட்கலாம். ஐயா, இதை அழித்துவிடுகிறீர்களா என்று கேட்பதில் தவறேதும் இல்லை, நல்ல கடைக்காரர்கள் இதை மனக்குறையாக எடுத்துக்கொள்வதில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பை எல்லோருக்கும் அழி என்ற தெரிவால் நீக்கினாலும், அதற்கு முன்பே கணினியில் இறக்கிய பிரதி அங்கேதான் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கடைக் கணினியில் நம் மின்னஞ்சலையோ வட்ஸ்அப்பையோ திறக்காமல் இருப்பதே மேல். திறக்க நேர்ந்தால், வெளியேறிவிட்டுப் போவதோடு நின்றுவிடாமல், தொலைபேசியில் வட்ஸ்அப் அமைப்புகளுக்குள் இணைக்கப்பட்ட கருவிகள் என்ற பட்டியலைப் பார்த்து, அந்தக் கணினி இன்னும் அதில் இருந்தால் நீக்கிவிட வேண்டும்.

அடையாள அட்டையின் பிரதியை எவருக்காவது கொடுக்கும்போது, எழுத்துகளை மறைக்காதபடி அதன் குறுக்கே, எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தேவைக்கு, எந்தத் திகதியில் கொடுக்கப்பட்டது என்று பேனையால் எழுதிக் கையொப்பமிடுங்கள். அவ்வாறு எழுதிய பிரதியை எடுத்து, வேறொருவர் உங்கள் பெயரில் சிம் அட்டை வாங்குவதோ கடன் பெறுவதோ எளிதாக இராது.